குருவி வராத கடை

"உன் பொண்டாட்டி அந்தக் கூடாரத்துல என்னத்தடா செஞ்சு வெச்சிருக்கா? அதையாவது சொல்லித் தொலை."

ரொட்டிக்கடைக்காரி வெட்டுவதை நிறுத்தாமலே கேட்டாள். தம்பி வாயைத் திறக்கவில்லை. கடையை ஒட்டிக் கிடந்த வைக்கோல் கட்டின் மேல் சாய்ந்து, கோட்டுப் பைகளுக்குள் கைகளைத் திணித்து, தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டிருந்தான். இரவெல்லாம் லாரி ஓட்டிவிட்டு வந்தால் அவன் உட்காருகிற லட்சணமே அதுதான். காலையில் அவள் தட்டுகளோடு வந்து இறங்கியபோதே அப்படித்தான் கிடந்தான்.

அறுவடை விழாவுக்கு மைதானம் நிறைந்திருந்தது. ஒரு பக்கம் சாப்பாட்டுக் கடைகள், மறுபக்கம் கலைப்போட்டிக் கூடாரம். சாப்பாட்டில் வருஷா வருஷம் அவளுடைய பூசணி ரொட்டிக்குத்தான் பரிசு. வாங்கிய நீல ரிப்பன்களெல்லாம் கடையின் நெற்றியில் வரிசையாகத் தொங்கின. இந்த வருஷம் பார்த்து, தம்பி மனைவி யாரையும் கேட்காமல் கலைப்போட்டியில் பேர் கொடுத்திருந்தாள். கிழிந்த சட்டைக்குக் காலர் மாற்றி, பைக்கு ஜிப் வைத்துக் கொடுக்கிறவள். முன்னறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மாதமாக என்ன தைத்தாள் என்று அந்த வீட்டுச் சுவருக்குத்தான் தெரியும்.

"போய் எட்டிப் பாத்தேன். அவ பேரு எழுதின அட்டை இருக்கு, மேசை காலி. நாலு பேர் சிரிப்பாங்கன்னு எடுத்துட்டா போல. அதுவும் நல்லதுக்குத்தான். நம்ம குடும்பத்துக்குன்னு இந்த மைதானத்துல ஒரு பேர் இருக்குடா."

பக்கத்துக் கடைத் தேன்காரர் இருமினார். "பேசுங்கம்மா, நல்லாப் பேசுங்க. எதிர்த்துப் பேசுற ஆளா அவரு?"

"பொறந்ததுலேருந்து இப்படித்தான். எங்கம்மா இவனைப் பெத்தாங்களா, செதுக்கினாங்களான்னே எனக்குச் சந்தேகம்."

தேன்காரருக்கு இருமல் அதிகமாகிவிட்டது. திரும்பி நின்று தண்ணீர் குடித்தார்.

"சரி, விஷயத்துக்கு வரேன். திங்கக்கிழமையிலேருந்து அவ என் கடைக்கு வரட்டும், மாவு பிசையட்டும். அந்தத் தையல் மெஷினை வித்துடலாம். உன் வீட்டு முன்னறையில கால் வைக்க இடம் இருக்கா? எங்க பாத்தாலும் துண்டுத் துணி." கத்தியைத் துடைத்தாள். "வேண்டாம்னா தலையை ஆட்டு."

அது அந்த வீட்டு வழக்கம். அவனிடம் வார்த்தை வாங்க முடியாது என்பதால், பிடிக்கவில்லை என்றால் தலையை ஆட்டச் சொல்வார்கள். ஆட்டாவிட்டால் சம்மதம். அவன் கல்யாணமே அப்படித்தான் முடிவானது.

தொப்பி அசையவில்லை. மரத்திலிருந்து ஒரு பழுத்த இலை அதன் மேல் விழுந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

"பாத்தீங்கல்ல? நீங்கதான் சாட்சி."

"பாத்தேம்மா. ஆடவே இல்ல," என்றார் தேன்காரர்.

மனசு நிறைந்துபோனது அவளுக்கு. கடையிலிருந்தே கையை நீட்டி, ஒரு துண்டு ரொட்டியைக் காகிதத்தில் வைத்து அவன் மடியில் வைத்தாள். "தின்னு. உன்னால எனக்கும் ஒரு உபகாரம்தான். போன வருஷமெல்லாம் குருவி விரட்டியே என் கை விட்டுப்போச்சு. இன்னிக்கு உன் மூஞ்சியைப் பாத்துட்டு ஒண்ணுகூடக் கிட்ட வரல."

உண்மைதான். குருவிகள் அத்தனையும் எதிர் வரிசையில் சோளப்பொரி விற்கிறவரைப் படாதபாடு படுத்திக்கொண்டிருந்தன.

கூடாரத்திலிருந்து நடுவர்கள் இரண்டு பேர் வெளியே வந்தார்கள். பின்னாலேயே ஒரு கும்பல். கடைசியில், கழுத்தில் அளவு நாடாவைக் கூடக் கழற்றாமல், தம்பி மனைவி.

ரொட்டிக்கடைக்காரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வெட்டாத ரொட்டி ஒன்றை முன்னால் நகர்த்தி வைத்தாள். நடுவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் தாண்டிப் போய்த் தம்பியின் எதிரே நின்றார்கள். மூத்த நடுவர் குனிந்து தொப்பிக்குள் பார்த்தார். கோட்டுக் கையை அழுத்திப் பார்த்தார்.

"எழுப்பாதீங்கய்யா. ராத்திரியெல்லாம் லாரி ஓட்டிட்டு வந்து அசந்து தூங்குறான்."

நடுவர் நிமிர்ந்து அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். "கூடப்பிறந்தவங்களா?"

"என் தம்பிதான். ஏன்?"

"அப்ப நாங்க யோசிக்கவே வேண்டாம்." அவர் நீல ரிப்பனை எடுத்துக் கோட்டில் குத்தினார். ஊசி இறங்கிய இடத்தில் ஒரு வைக்கோல் எட்டிப் பார்த்தது. "கலைப்போட்டி, சோளக்கொல்லை பொம்மைப் பிரிவு, முதல் பரிசு."

"அவர் லாரி இன்னும் வந்து சேரல அண்ணி," என்றாள் தம்பி மனைவி, தரையைப் பார்த்துக்கொண்டு. "உங்க ரொட்டிக்குக் குருவித் தொல்லைன்னு சொல்லுவீங்களே, அதான் இங்க கொண்டுவந்து உட்கார வெச்சேன்."

ரொட்டிக்கடைக்காரி தொப்பியைத் தூக்கிப் பார்த்துவிட்டு இறக்கினாள். பிறகு கும்பலைப் பார்த்து, தன் ரிப்பன்களுக்குக்கூட அப்படி நிமிர்ந்ததில்லை என்கிற மாதிரி நிமிர்ந்தாள். "எங்க வீட்டுப் பொண்ணு தைச்சது. அவனைத் தூக்கி வளத்தவ நானே காலையிலேருந்து இதுகிட்டதான் குடும்பக்கதை பேசிட்டிருக்கேன்னா பாத்துக்குங்க."

அப்புறம் தேன்காரர் பக்கம் குனிந்து மெதுவாகச் சொன்னாள்: "அந்தச் சாட்சியை மறந்துடுங்க. மெஷின் அங்கேயே இருக்கட்டும்."