ஈரலில் தூங்குகிறவர்கள்

உடல்நிலையைக் கண்காணிக்கும் சவரிராயனின் கைப்பட்டை கத்தத் தொடங்கியது. ரத்த அணுக்களுக்குள் புகுந்த மலேரியாக் கிருமிகள் உள்ளேயே தின்று கொழுத்து, ஒன்று பலவாகி, அணுக்களை உடைத்துக்கொண்டு வெளியே வருகின்றனவாம். அவருக்குப் பல் தந்தியடித்தது. இதே செய்தி நார்வேயில் இருக்கும் மகளுக்கும் இந்நேரம் போயிருக்கும். தலையை வாரிக்கொண்டு திரைமுன் உட்கார்ந்தார்.

"மறுபடியுமாப்பா?" பிரிஜித்தாவின் முகம் வந்தது. "ஈரல்ல ஒளிஞ்சு தூங்கி மறுபடி முழிச்சு வர்ற கிருமியக் கொல்ல மாத்திரை குடுத்தாங்களே, முழுசாச் சாப்பிட்டீங்கதானே?"

"சாப்பிட்டேம்மா."

காய்ச்சல் இருந்தவரை அவள் காலையும் மாலையும் திரையில் வந்தாள். கஞ்சி குடித்தாரா என்று கேட்டாள், திட்டினாள், ஒருமுறை அழக்கூடச் செய்தாள். காய்ச்சல் இறங்கிப் பட்டை பச்சையானதும், "அப்ப வச்சிடுறேம்ப்பா" என்றாள்.

"வர்றேன்னு சொல்லும்மா" என்று அவர் வாயெடுப்பதற்குள் திரை அணைந்துவிட்டது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மேசை இழுப்பறையைத் திறந்தார். ஈரல் மாத்திரை அட்டை பிரிக்காமல் அப்படியே கிடந்தது. இழுப்பறையை மூடிவிட்டு, வலது விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கும் இடத்தில் கையை வைத்துக்கொண்டார்.

"நீங்களாவது வர்றோம்னு சொல்லுங்க."