இந்த வரிசை முடியட்டும்

ஜன்னல் வெயில் மேசைமேல் விரித்த நாவலில் விழுகிறது. பக்கம் மூடிக்கொள்ளாமலிருக்க அதன்மேல் போனை வைத்திருக்கிறாள். காலையிலிருந்து அதே பக்கம்தான். கையில் கணவருக்கான சாம்பல்நிற ஸ்வெட்டர். இன்று பின்னிய கண்ணிகள் மட்டும் இறுகிக் கிடக்கின்றன, ஊசி நுழைய மறுக்கிறது. எதிரே அவர் கழுத்தில் போட்ட பேண்டேஜைத் தடவியபடி உட்கார்ந்திருக்கிறார். அங்கிருந்த கட்டியிலிருந்து துண்டெடுத்துச் சோதனைக்கு அனுப்பி ஆறு நாளாகிறது. போன் அதிர்கிறது. டாக்டர். “நீயே எடேன்” என்கிறார். “இந்த வரிசை முடிஞ்சிடட்டுங்க.” வீடு பற்றி எரிந்தாலும் வரிசையை முடிக்காமல் எழமாட்டாள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பவர் அவர். இப்போது குனிந்து நூலுருண்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, அவளுக்காக நூலைத் தளர்த்திக் கொடுக்கிறார். “முடி. மெதுவாவே முடி.”