மூச்சுவேர் பட்டா

முந்நூறு வயதைத் தாண்டிய மரத்துக்கு அரசு பட்டா கொடுத்துவிடும். அதன் மூச்சுவேர் எங்கெல்லாம் மண்ணைக் கீறித் தலைகாட்டுகிறதோ, அந்த இடமெல்லாம் மரத்துக்கே சொந்தம். அப்படியொரு கிழட்டு அலையாத்தியைத் தேடி முத்துப்பேட்டைச் சதுப்பில் வருஷக்கணக்காய்ச் சேறு மிதித்தான், மரங்களுக்கு வயது கணிக்கும் தவசீலன். கடைசியில் அது அவன் கொல்லைக்குப் பின்னாலிருந்த புதருக்குள்ளேயே அகப்பட்டது.

அடிமரத்தில் கருவியை வைத்தான். முந்நூற்றுப் பன்னிரண்டு என்றது. பதறிப்போய் முதலில் தன் வேலிப் பக்கம்தான் பார்த்தான். உள்ளே ஒரு வேர்கூட இல்லை. நிம்மதியாக வயதுச் சான்றில் ஒப்பமிட்டு அனுப்பினான். பட்டா அப்போதே பதிவாகிவிட்டது.

வீட்டுக்குள் ஓடிவந்து மனைவி கோமளாவிடம் விஷயத்தைச் சொன்னான். "நல்லவேளை, நம்ம பக்கம் வேரே வரல."

"வராம என்னங்க? பென்சில் மாதிரி தெனமும் முளைக்குது. கொழந்த கால்ல குத்திடுமேன்னு காலையில நான்தான் அறுத்துப் போடறேன்."

தவசீலன் வேலிப் பக்கம் திரும்பி ஓடப் பார்த்தான்.

"இது ஒண்ணுதான் அறுபட மாட்டேங்குது," என்று அவள் அடுப்படியைக் காட்டினாள்.

தரை டைல்ஸைப் பிளந்துகொண்டு விரல் தடிமனில் ஒரு வேர் நின்றது. அதன் பக்கத்தில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது, மரத்தின் வீட்டில்.