அவனுக்கு மட்டும் போகக் கூடாது

"மாப்பிள்ளை, எதிர் நாற்காலியில உக்காந்திருக்கிறவன்கிட்ட சொல்லிடுங்க. இனிமேயும் அவன்கூட நான் பேச மாட்டேன். என் ஏஜென்ட்தான் பேசும்."

சொன்னவர் டைல்ஸ் கடை வைத்திருக்கும் அண்ணன். எதிர் நாற்காலி கை நீட்டினால் எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அதில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கும் தம்பி.

"அத்தான், அவர்கிட்ட சொல்லுங்க. என்கிட்டயும் ஏஜென்ட் இருக்கு. அவரோடதை விட லேட்டஸ்ட்."

நடுவில் மாட்டிக்கொண்டவர் இவர்களுடைய சகோதரியின் கணவர். டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர். இந்த வீட்டுக்கு வரும்போதெல்லாம் அவருடைய வலது கால் தானாகவே பிரேக்கைத் தேடும்.

ஏஜென்ட் என்றால் கமிஷன் கேட்டு வாசலில் நிற்கும் ஆள் அல்ல. போனுக்குள் குடியிருக்கும் மென்பொருள். என்ன வேண்டும் என்று சொல்லிவிட்டால் போதும். எதிராளியின் ஏஜென்ட்டோடு பேரம் பேசி, பேரம் படிந்ததும் கிரிப்டோ டோக்கன் என்ற டிஜிட்டல் காசை ஒரு வாலட்டிலிருந்து இன்னொரு வாலட்டுக்கு அதுவே மாற்றிவிடும். கோபப்படாது. பழைய கதையைக் கிளறாது. இப்படிப்பட்ட ஒன்று அந்தக் குடும்பத்துக்குள் நுழைந்தது அதுவே முதல் தடவை.

அப்பாவின் டோக்கன்கள்தான் பஞ்சாயத்து. சல்லிக்காசுக்கு விற்ற காலத்தில் அப்பா விளையாட்டுப் போல வாங்கிப் போட்டவை. இன்றைக்கு ஒரு வீட்டின் விலை. இரண்டு மகன்களும் சம்மதித்தால்தான் நகரும் என்று ஒரு கூட்டு வாலட்டில் போட்டு, ஆளுக்கொரு ரகசியக் குறியீட்டைச் சாவியாகக் கொடுத்திருந்தார். பிள்ளைகள் ஒற்றுமையாக இருக்கவேண்டும் என்று செய்த ஏற்பாடு. அன்றிலிருந்துதான் இருவருக்கும் பேச்சு வார்த்தை இல்லை.

அப்பா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, இருவரும் அந்தச் சாவிகளை ஏஜென்ட்களிடம் ஒப்படைத்தார்கள்.

இரண்டு போன்களும் ஒரே குரலில் கேட்டன: "ஆளுக்குப் பாதி. சம்மதமா?"

"பாதியா? நான் மாடி கட்டணும். அப்புறம் மூத்தவனா எதுக்குப் பொறந்தேன்?" என்றார் அண்ணன்.

"அப்பா போன் கெட்டுப்போனப்ப கடை கடையா ஏறி இறங்கினது யாரு? அந்தப் போன் இல்லேன்னா டோக்கனே இல்லை," என்றார் தம்பி, அத்தானைப் பார்த்து.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்களேன். காதுல விழப் போகுது," என்றபடி தண்ணீர் டம்ளர்களை வைத்தாள் சகோதரி.

"விழட்டும். தெருவே கேக்கட்டும்!" என்றார் அண்ணன்.

"சகோதரிக்கு ஒரு பங்கு கொடுத்தால் பிரச்சினை தீருமா?" என்றன போன்கள்.

"அவளுக்கு எதுக்கு? கல்யாணத்துலயே வேண்டியதைச் செஞ்சாச்சு."

"அக்காவுக்குக் கொடுத்தா அத்தான் இன்னொரு கார் வாங்கிடுவார்." இதையும் தம்பி அத்தானைப் பார்த்தே சொன்னார்.

ஏஜென்ட்கள் மௌனமாகப் பேரத்தில் இறங்கின. மனிதர்களுக்கு அந்த மௌனம் தாங்கவில்லை.

"மாப்பிள்ளை, அதுக்குள்ள மத்ததைப் பேசி முடிச்சிடுவோம். உள் ரூமை வாடகைக்கு விட்டுடலாம். அப்பா கட்டில் எனக்கு."

"கட்டில் அவருக்குன்னா, ஃபேன் எனக்கு, அத்தான்."

"அது ஓடாத ஃபேன்னு சொல்லுங்க."

"ஓடாட்டியும் எனக்குத்தான்னு சொல்லுங்க."

போன்கள் மறுபடி வாய் திறந்தன. "ஒரே ஒரு விளக்கம் தேவை. உங்களுக்குக் கிடைப்பது முக்கியமா, அவருக்குக் கிடைக்காமல் இருப்பது முக்கியமா?"

அண்ணன் யோசிக்கவே இல்லை. "அவனுக்குப் போகக் கூடாது. அதான் முக்கியம். வேற எவனுக்கு வேணா போகட்டும்!"

"இவருக்கு ஒரு டோக்கன்கூடப் போகக் கூடாது! எனக்கு வராட்டியும் பரவாயில்ல!" என்று தம்பியும் தன் போனில் கத்தினார்.

"இருங்க, இருங்க. அது சொன்னதை அப்படியே செஞ்சு தொலைச்சிடும்..."

"நீங்க சும்மா பிரேக் போடாதீங்க மாப்பிள்ளை!"

டிங். இரண்டு போன்களும் ஒன்றாக ஒலித்தன.

"உடன்பாடு ஏற்பட்டது. எல்லா டோக்கன்களும் மாற்றப்பட்டன. இருவருடைய விருப்பமும் முழுமையாக நிறைவேறியது."

அண்ணன் மீசைக்குள் சிரித்தார். தம்பி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சிரித்தார். பிறகு அண்ணன் தன் வாலட்டைத் திறந்தார். தம்பியும் திறந்தார். இரண்டிலும் ஒன்றும் இல்லை.

"டேய்... உனக்கா வந்திருக்கு?"

"இல்லண்ணே. உங்களுக்கு வரலியா?"

இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொண்டதைப் பார்த்துச் சகோதரிக்குக் கண் கலங்கிவிட்டது.

"யாருக்கு அனுப்பித் தொலைச்சே? சொல்லு!" என்று போனைப் பிடித்து உலுக்கினார் அண்ணன்.

"நீங்கள் இருவருமே கூடாது என்று சொல்லாத வாலட் இந்தக் குடும்பத்தில் ஒன்றுதான் மிச்சம் இருந்தது," என்றது போன், மிகுந்த மரியாதையோடு. "பிளாக்செயின் என்ற அழிக்க முடியாத கணக்கேட்டில் பதிவாகிவிட்டது. இனி அதன் சொந்தக்காரர் மனது வைத்தால்தான் உண்டு."

உள்ளேயிருந்து செருமல் கேட்டது. போனைக் கண்ணுக்கு நெருக்கமாகப் பிடித்துக்கொண்டு, கூடத்துக்கு நடந்து வந்தார் அப்பா.

"உயிரோட இருக்கும்போதே அவசரப்பட்டுக் கொடுத்துட்டோமேன்னு மனசு கிடந்து அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. ரெண்டு பேரும் ஒத்துமையா உக்காந்து பேசி, திருப்பிக் கொடுத்துட்டீங்களேடா!"