தானாக ஓடும் மோட்டார்

தனஞ்செயனும் பரிமளாவும் இரண்டு மாதம் மகள் வீட்டில் இருக்கப் புறப்பட்டார்கள். தனஞ்செயன் வாசல் பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்தார்.

"கிணத்து மோட்டார் சுவிட்சை அணைச்சீங்களா?" என்று கேட்டாள் பரிமளா.

"அது ஆட்டோமேட்டிக். தொட்டி குறைஞ்சா தானா ஓடும், நிறைஞ்சா தானா நிக்கும்" என்று சொல்லிவிட்டு, அவர் சாவியைப் பையில் போட்டுக்கொண்டார்.

பத்தாம் நாள் குளியலறைக் குழாய் ஒன்று வெடித்தது. மாடித் தொட்டி குறைந்தது. உடனே மோட்டார் ஓடத் தொடங்கியது. மூன்று நாளாகியும் நிற்கவில்லை.

கிணறு கேட்டது: "வீட்டில்தான் ஆள் இல்லையே, யாருக்கு இவ்வளவு தண்ணீர்?"

"தொட்டி குறைகிறது, நிரப்புகிறேன். யாருக்கு என்று கேட்பது என் வேலை இல்லை" என்றது மோட்டார்.

உள்ளே கதவுகள் உப்பின. பீரோவின் அடித்தட்டில் பரிமளாவின் கல்யாண ஆல்பம் ஊறிக் கரைந்தது. வாசற்படியில் தண்ணீர் வழிவதைக் கண்டு பக்கத்து வீட்டு மீரான் ஓடி வந்தார்.

"ஐயோ, சுவிட்சு உள்ளேல்ல இருக்கு!" என்று பதறி, பூட்டைக் கல்லால் அடித்துப் பார்த்தார். அது அசையவில்லை. ஆள் கூட்டிவர ஓடினார்.

பூட்டு கிணற்றைப் பார்த்துப் பெருமையாகச் சொன்னது: "பார்த்தாயா, ஒருவரையும் உள்ளே விடவில்லை."

 கிணற்றின் அடியில் சேறு தெரிந்தது. மோட்டார் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது.