செல்லாது என்றது பெட்டி

பெட்டியின் தலையில் ஒரு எலுமிச்சம்பழம் உட்கார்ந்திருந்தது. அதை ஓட வைக்கச் சென்னைக் கம்பெனியிலிருந்து வந்திருந்த சத்யப்ரியாவுக்குப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது.

"தசரதண்ணா, இது கம்ப்யூட்டர் சமாச்சாரம். திருஷ்டி கழிச்சா ஓடாது."

தறிக்காரர் தசரதன் பழத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

டிபன் டப்பா அளவுப் பெட்டி, உள்ளே ஒரு சிப். தறியில் எத்தனை முழம் நெய்தாயிற்று என்று எண்ணி, சென்னை சர்வருக்கு அனுப்ப வேண்டும். கல்யாணப்பெண் போனிலேயே தன் பட்டுப்புடவை வளர்வதைப் பார்ப்பாளாம். ஆரணியில் நெய்து கொடுத்தால் மட்டும் போதாதாம், நேரடி ஒளிபரப்பும் வேண்டுமாம்.

ஆனால் 'நான்தான் அசல்' என்று சர்வர் காட்டிய சர்ட்டிபிகேட்டைப் பெட்டி ஏற்கவில்லை. 'செல்லாது' என்று சிவப்பு விளக்கைக் காட்டி இணைப்பைத் துண்டித்தது. சத்யப்ரியா வைஃபையை மாற்றினாள், தன் போனிலிருந்து நெட் கொடுத்தாள், புரோகிராமை மூன்று முறை அழித்து ஏற்றினாள். பெட்டி அரசாங்க ஆபீஸ் கிளார்க் மாதிரி அதே பதிலையே சொன்னது.

நாலு மணிக்குப் புடவைக் கடைக்காரர்கள் பார்ப்பார்கள். அதற்குள் ஓடாவிட்டால் ஆர்டர் போச்சு, அவள் வேலையும் போச்சு.

போனில் எம்.டி. கத்தினார். "நேத்துதான் புது சர்ட்டிபிகேட் வாங்கி சர்வர்ல போட்டேன். பெட்டியையும் என் கையாலயே செட் பண்ணி பார்சல்ல அனுப்பினேன். அந்த ஊர்க்காரங்கதான் எதையாவது நோண்டியிருப்பாங்க. எல்லாத்துக்கும் நாள், நட்சத்திரம் பாக்கறவங்கம்மா!"

அப்போதுதான் பெட்டித் திரையின் மூலையிலிருந்த தேதி கண்ணில் பட்டது. ஜூலை 14. இன்றைக்கோ இருபது. பெட்டியின் கணக்குப்படி, நேற்று வாங்கிய சர்ட்டிபிகேட் இன்னும் பிறக்கவே இல்லை.

"ஆடி பொறந்து நாலு நாளாச்சுன்னு தேதிய ஆனிக்குத் திருப்பிட்டீங்களாணா?"

"இன்னாம்மா இது பேஜாரு! ஆவணிக் கல்யாணத்துக்கு ஆடில நெய்யாம வேற எப்ப நெய்யறது? பார்சல பிரிச்சி வச்சதோட சரி, நான் தொடவே இல்ல." தசரதன் ஒரு டம்ளரை நீட்டினார். "காலைலருந்து கத்திகினு கீறியே, ஜூஸ் போட்டுக் குடுக்கலாம்னுதான் அந்தப் பழத்த வாங்கியாந்தேன். குடி மொதல்ல."

சத்யப்ரியாவுக்கு வெட்கமாகிவிட்டது. ஒரே மடக்கில் குடித்துவிட்டுத் தேதியை இருபதாக மாற்றினாள். மூன்று ஐம்பதுக்குப் பச்சை விளக்கு எரிந்தது.

உடனே எம்.டி.யை அழைத்தாள். "சார், பெட்டில தேதிதான் தப்பு. இன்னைய தேதிய வச்சதும் ஓடிடுச்சு!"

மறுமுனையில் எம்.டி. அலறினார்.

"அய்யய்யோ, மாத்திட்டியா? ஆடியில ஆரம்பிக்கக் கூடாதுன்னு நான்தானேம்மா ஜோசியரக் கேட்டு ஆனியில வச்சேன்!"