விசிலை விட்ட குக்கர்

ஒரு மெஸ்ஸில் ஒரு குக்கர் இருந்தது. முன்பெல்லாம் பிரமாதமாக விசிலடிக்கும். மெஸ்ஸில் கூட்டம் கூடியதும் அதை விட்டுவிட்டது. பருப்பு இறங்கினால் கொண்டைக்கடலை ஏறும், ஓய்வே கிடையாது.

பக்கத்து அடுப்பில் இட்லிப்பானை வேலைக்கு நடுவே மூடியால் தாளம் போடும்.

"வேலை நேரத்துல என்னடா கும்மாளம்?" என்று எரிந்து விழுந்தது குக்கர்.

"உள்ள முட்டுதுண்ணே. நீங்களும் ஒரு விசில் அடிங்களேன்."

குக்கருக்கும் தொண்டைவரை வந்தது. "அதெல்லாம் வெட்டிப்பய வேலை," என்று பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கியது.

சற்று நேரத்தில் மெஸ்ஸே அதிர்ந்தது. சுவரெல்லாம் பருப்பு.

மறுநாள் புதுக் குக்கர் வந்தது. கூரைத் தகரத்தில் குத்தி நின்ற மூடியை அண்ணாந்து பார்த்து, "அது யாரு?" என்று கேட்டது.

"உங்க எடத்துல இருந்தவருதான்," என்றது இட்லிப்பானை. "கடைசிவரைக்கும் வேலைதான் அவருக்கு."